நொண்டத் தெரியாதவர்

"ஏங்க, உங்களை நடிக்கவா சொல்றேன்? வீட்டுல எப்படி நொண்டுறீங்களோ, அப்படியே இங்கேயும் நொண்டுங்கன்னுதானே சொல்றேன்!"

விசாரணை அறை வாசலில் நின்று மனைவி பல்லைக் கடித்தாள். மடக்குக் கைத்தடியை விரித்து நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பளிச்சென்று சவரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நஷ்டஈடு கேட்க வந்த ஆள் மாதிரியா இருந்தார்? மாப்பிள்ளை மாதிரி இருந்தார்!

கப்பலில் அவருக்குப் பட்டப்பெயர் நங்கூரம். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், யாராலும் அசைக்க முடியாது. போன வருஷம் கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது, தொடை தடிமன் கயிறு அவர் வலது கணுக்காலை நசுக்கிவிட்டது. இப்போது அந்தக் காலுக்குள் எலும்பைவிட இரும்புதான் அதிகம். இனி கடல் வேலை கிடையாது. நஷ்டஈடு வந்தால் வீட்டு முன்னறையில் ஒரு கடை போடலாம் என்று மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதை விட்டால் வேறு நாதியில்லை.

வக்கீலம்மாவும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார்.

"ஐயா, அதிகாரி உங்களை நடக்கச் சொல்லிப் பார்ப்பார். அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவார். தயவுசெஞ்சு வீறாப்பு காட்டாதீங்க."

"சரிங்கம்மா. விஞ்ச் ஓட்டினவர் வந்திருக்காரா?"

"வந்திருக்கார். சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க."

"ம்" என்றார் நங்கூரம். கைத்தடியை அவரே மடக்கி, மனைவியின் பைக்குள் திணித்தார்.

உள்ளே முதலில் பேசியது அந்த விஞ்ச்காரர்தான். விஞ்ச் என்றால் கப்பலில் கயிறு சுற்றி இழுக்கிற இயந்திரம். மனிதர் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"தப்பு என்னோடதுதான் சார். காத்துல தொப்பி பறக்குதுன்னு இவர் கையைத் தூக்கினார். 'இழு'ன்னு சைகை காட்டுறார்னு நினைச்சு நான் இழுத்துட்டேன்."

இவன்தானா அது! மனைவி அவரை எரித்துவிடுவதுபோல் முறைத்தாள்.

அதிகாரி நங்கூரத்தின் பக்கம் திரும்பினார். "ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டுங்க."

எழுந்தார். விறுவிறுவென்று போனார். திரும்பி வந்தார். நொண்டலா? மருந்துக்குக்கூட இல்லை!

"வலி இருக்கா?"

"பழகிடுச்சு சார்."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "கரையில நின்னு பார்க்கிற வேலையே தாராளமா பார்க்கலாம் போலிருக்கே." கேட்டதில் பாதிதான் தர முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வக்கீலம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மாடிப்படிக்கு வந்ததும் மனைவி வெடித்தாள்.

"நாலு பேர் முன்னாடி நொண்டினா கிரீடம் கீழே விழுந்திடுமோ? வீட்டுல 'அம்மா, அம்மா'ன்னு முனகுற கால், சபையில மட்டும் டக்கு டக்குன்னு நடக்குதா? உங்க ஜம்பத்துக்கு என் கடைதான் கிடைச்சுதா?"

திரும்பிப் பார்த்தாள். அவர் பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கடித்த கடியில் உதடு வெளுத்திருந்தது. ஷூவுக்கு மேலே கணுக்கால் வீங்கிப் பிதுங்கியிருந்தது.

"ஐயோ! என்னங்க இது?" ஓடிவந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினாள். "யாருக்காகங்க இந்தப் பாடு?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அந்த விஞ்ச்காரர் அன்னிக்கு இறங்கினவர்தான், இன்னும் கப்பல் ஏறலை. விஞ்ச் கைப்பிடியைத் தொட்டாலே கை நடுங்குதாம். விஞ்ச் ஓடுற இடத்துல சும்மா கையைத் தூக்கவே கூடாதும்மா. அங்கே கைதான் பேச்சு. தொப்பிக்காகத் தூக்கினது நான். பழியைச் சுமக்கிறது அவர். அடுத்த வாரம் மறுபடி கப்பலுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். உள்ளே வந்ததுலேருந்து என் காலையேதான் பார்த்துட்டிருந்தார். அவர் முன்னாடி நான் எப்படி நொண்டுவேன், சொல்லு."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டோம் என்று காலையில்தான் அலுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்பீல் பண்ணலாம்னு வக்கீலம்மா சொன்னாங்க. அப்ப அவர் நடுக்கடல்ல இருப்பார். அன்னிக்கும் நீங்க நொண்டலைன்னு வைங்க, நானே உங்க காலை மிதிச்சு நொண்ட வைப்பேன், ஆமா!"

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

பையிலிருந்து கைத்தடியை எடுத்து விரித்துக் கொடுத்தாள். ஒரு கையில் தடியும், மறு கையில் கைப்பிடிச் சுவருமாக, ஒவ்வொரு படியாக நொண்டி நொண்டி இறங்கினார்.

கடைசித் திருப்பத்தில் மனைவி எட்டிப் பார்த்தாள். கீழே வாசல் கதவருகே விஞ்ச்காரர் நின்றிருந்தார். தொப்பியைக் கையில் பிசைந்தபடி, படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சட்டென்று தடியைப் பிடுங்கி, மடக்கிப் பைக்குள் போட்டாள். கணவனின் கையைத் தன் கைக்குள் கோத்து, அவர் பாரம் முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டாள்.

"நிமிர்ந்து நடங்க. அவர் பார்த்துட்டிருக்கார்."