செடிக்கு வைத்த ஆப்பிள்

பல் மருத்துவரின் வரவேற்பறையில் அன்னாசி இனத்து அழகுச் செடி ஒன்று இருந்தது. இலையெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். நான்கு வருடமாகப் பூ மட்டும் கிடையாது.

"வெறும் இலைதான் நர்ஸம்மா, தூக்கிப் போட்டுடுங்க," என்றார் டாக்டர்.

பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் நர்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பூக்க வச்சுக் காட்டுறேன்," என்றாள்.

பழுத்த ஆப்பிளோடு சேர்த்து மூடி வைத்தால் இந்த வகைச் செடி பூக்கும். அவள் தொட்டியில் ஓர் ஆப்பிளை வைத்து, செடியோடு பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி இறுகக் கட்டினாள். ஐந்தாம் நாள் பார்த்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஆப்பிள் கடிபட்டிருந்தது.

டாக்டர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் கட்டின பல் செட்டோட தடம். முன்பல்லுல இடைவெளி வேணும்னு அடம்பிடிச்சாரே, அந்த வாத்தியாரோடது."

"அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சே."

"செடிய உடனே வெளிய போடுங்க."

"முடியாது டாக்டர். பசிச்சா சாப்பிட்டுப் போகட்டும். எனக்குப் பூ வேணும்."

கடிக்கச் சுலபமாக, நன்றாகக் கனிந்த ஆப்பிளாகப் பார்த்து உள்ளே வைத்தாள். பத்து நாள் கழித்துப் பையை அவிழ்த்த பிறகும் ஆப்பிள் வைப்பதை அவள் நிறுத்தவில்லை.

இரண்டு மாதத்தில் நடுக்குருத்திலிருந்து சிவப்பாகப் பூத்தண்டு எழும்பியது.

"சரி, ஜெயிச்சுட்டீங்க. இனிமே ஆப்பிள் வேண்டாம்," என்றார் டாக்டர்.

நர்ஸ் அன்றைய ஆப்பிளை அவர் மேசைமேல் வைத்தாள்.

"தடத்தப் பாருங்க, கீழ் செட்டு தளர்ந்திருக்கு. வாத்தியார நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."