புள்ளி வைத்த இடம்

சைக்கிள் மணி கேட்டவுடன் கனகாம்பிகை ரீச்சர் படலைக்கு வந்துவிட்டார். வந்துவிட்டார் என்ன, பத்து மணியிலிருந்தே அங்கேதான் நிற்கிறார், செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடுகிற சாட்டில். செவ்வரத்தை வெள்ளத்துக்குள் நின்றது.

"வந்ததோ தம்பி?"

தபால்காரச் சுரேஸ் ஒரு காலை நிலத்தில் ஊன்றினான். தொண்டையைச் செருமினான். பிறகு பாடகர் ஜெயரூபனின் குரலில், அந்த மூக்கடைத்த குழைவும் தப்பாமல் ஆரம்பித்தான்.

"அன்பு உள்ளங்களே, அளவெட்டி ரீச்சருக்கு இந்தக் கிழமையும் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. கொழும்பில் சரியான வெயில். பேனை உருகி விட்டது."

ரீச்சர் சிரித்துவிட்டார். நேற்று இதே நேரம் இவனோடு கதைத்ததற்குப் பிறகு அவர் வாய் திறப்பது இப்போதுதான்.

பென்சன் எடுத்த நாளிலிருந்து ரீச்சருக்கு இதுதான் பொழுதுபோக்கு. பாட்டுக்காரர், நடிகர், கிரிக்கெற்காரர், செய்தி வாசிக்கிறவர்கள், ஆராயிருந்தாலும் ஒரு படம் தேடி எடுப்பார். கடிதம் எழுதுவார். தன் விலாசம் எழுதி முத்திரை ஒட்டின இன்னொரு என்வலப்பையும் உள்ளே வைத்து அனுப்பிவிடுவார். படம் கையெழுத்தோடு திரும்பி வரும். அல்பத்தில் இப்போது இருநூற்றுப் பதினேழு பேர். வீட்டில் ஒரு ஆள்.

ஜெயரூபனுக்கு ஒதுக்கின பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நாலு கடிதம் போட்டாயிற்று.

"ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் தம்பி வேணும்? ரெண்டு செக்கன் வேலைதானே. படமும் என்ரை, என்வலப்பும் என்ரை, முத்திரையும் என்ரை. எங்கை போடவேணும் எண்டுகூடப் பென்சிலாலை புள்ளி வைச்சுத்தான் விட்டனான்."

"விரல் நோகுமாக்கும் ரீச்சர்."

"அவருக்கென்ன, சுத்திவர ஆக்கள். இஞ்சை ஒரு மனிசி படலையைப் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு அவருக்குத் தெரியுமே? கல்லு மனம், தம்பி."

"கல்லுத்தான். கருங்கல்லு." சுரேஸ் மண்டையை ஆட்டினான். "ஆனா ரீச்சர், ஒரு கதை. உங்கடை போன கடிதத்தைப் பாத்திட்டு எங்கடை போஸ்ற் மாஸ்டர் அம்மா..." குரல் கீச்சென்று மாறியது. "'என்ன சுரேஸ் இது, முத்திரை பசை பூசி ஒட்டிக்கிடக்கு? எங்கையோ உரிச்சதோ?' எண்டு கேட்டவ."

"சீல் குத்தாத முத்திரைதானே? பிறகென்னவாம் அவவுக்கு?"

ரீச்சரின் குரலில் வகுப்பறை வந்துவிட்டது. சுரேஸ் உடனே பைக்குள் கையை விட்டான்.

"கோவிக்காதையுங்கோ. ஜெயரூபன் அனுப்பாட்டிலும் இது ஒண்டு வந்திருக்கு." தடித்த என்வலப் ஒன்றை நீட்டினான். "பருத்தித்துறைச் சீல். உங்களிட்டைப் படிச்ச பிள்ளையள் ஆராக்கும்."

ரீச்சர் விலாசத்தைப் பார்க்காமலே வாங்கினார்.

"வெயிலுக்கை நில்லாமல் போ தம்பி."

"நாளைக்கு வாறன் ரீச்சர்."

"கடிதம் இல்லாட்டிலும் மணியை அடிச்சிட்டுப் போ, என்ன?"

"ஓம், ஓம்."

மணிச் சத்தம் ஒழுங்கை முடக்கில் திரும்பி இல்லாமல் போனது.

ரீச்சர் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார். ஒரு கோப்பையை எடுத்துக் கழுவினார். பிறகுதான் என்வலப்பைப் பிரித்தார்.

உள்ளே எல்லாம் முறைப்படி இருந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு சோடியின் படம். படத்தின் வெள்ளை ஓரத்தில், வலது பக்க மூலையில், பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி. திரும்பி அனுப்ப, விலாசம் எழுதிப் புது முத்திரையும் ஒட்டின என்வலப். ரீச்சர்கூட இவ்வளவு துப்புரவாகச் செய்திருக்க மாட்டார்.

ஆக, ரீச்சரின் கையெழுத்துக்கும் ஆரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரீச்சர் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். பேனை முனை அந்தப் புள்ளிக்கு மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

கேத்தல் கொதித்துச் சத்தம் போட்டது. ரீச்சர் பேனை மூடியைத் திரும்பப் போட்டார்.

விலாசம் எழுதிய அந்த என்வலப்பின் மூலையைக் கேத்தல் மூக்கில் வந்த ஆவியில் பிடித்தார். முத்திரை மெல்லச் சுருண்டு கழன்றது. நல்ல முத்திரை, ஏன் வீணாக்குவான். பின்பக்கம் பசை பூசி, ஜெயரூபனுக்கு விடிய எழுதி வைத்திருந்த ஐந்தாவது கடிதத்தில் ஒட்டி, பெருவிரலால் நன்றாக அமத்தினார்.

படத்தைக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் போட்டார். அங்கே ஏற்கெனவே மூன்று படங்கள் கிடந்தன. தீபாவளிக்கு வந்தது, பொங்கலுக்கு வந்தது, வருசப் பிறப்புக்கு வந்தது. மூன்றும் இதே சோடி, இதே படம். மூன்றிலும் பென்சில் புள்ளி வைத்தபடியே இருந்தது.

புதுப் படம் அவற்றுக்கு மேல் குப்புற விழுந்தது. அதன் பின்பக்கத்தில், ரீச்சரே கைபிடித்துப் பழக்கின அந்த வடிவான எழுத்து:

"அம்மா, அவரை ஏற்கவேண்டாம். எங்கடை வீட்டுக்கு வரவும் வேண்டாம். புள்ளி வைச்ச இடத்திலை ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ. ரெண்டு செக்கன் வேலைதானே. - உங்கடை மகள் உதயகலா."