மெல்ல ஊதிய சூப்பர்சார்ஜர்

போன ஈஸ்டரன்று என் மருமகன் ஞானசிகாமணி காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்ன கதை இது.

ஒரு பெரிய என்ஜினில் புதிதாக ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டினார்கள். என்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிப்பதுதான் அதன் வேலை.

"அண்ணே, மூச்சு முட்ட ஊதட்டுமா?" என்று அது என்ஜினைக் கேட்டது.

"வேண்டாம் தம்பி. நான் ஏற்கெனவே காற்றை இறுக்கி அமுக்குற ஆளு. கொஞ்சமா ஊது, இல்லேன்னா என் பிஸ்டன் உடைஞ்சிடும்."

"இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு பயமா!" என்று சிரித்த சூப்பர்சார்ஜர், கார் மலையேறும்போது பலமாக ஊதியது. என்ஜினுக்குள்ளே டக்டக்கென்று இடித்தது.

"ஐயோ தம்பி!"

சூப்பர்சார்ஜர் பதறிப்போய் மெல்ல ஊதியது. இடி நின்றது. கார் முனகாமல் உச்சிக்கு ஏறியது.

"நான் ஊதினதே தெரியலையே அண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சுதுப்பா. பின்னால திரும்பிப் பாரு, எத்தனை வண்டி நமக்குப் பின்தங்கி வருதுன்னு!"

கதை முடிந்தது; நீங்களும் போகும்போது கதவை மெல்லச் சாத்துங்கள், பேரன் தூங்குகிறான்.