உள்ளே எரியும் பச்சை

வெல்டரின் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது.

தகரக் கொட்டகையில் இருந்த எல்லோரும் கணினித் திரையை நோக்கிச் சாய்ந்தார்கள். மலையைக் குடைந்து போட்டுக்கொண்டிருந்த பாதை நடுவில் இடிந்து விழுந்து, ஆட்கள் உள்ளே சிக்கி, அது மூன்றாவது நாள் காலை.

கேமரா, பம்ப், காற்றாடி, வேலையாட்களின் போன் என்று அங்குள்ள வைஃபையில் சேர்கிற எதையும் தானாகக் கண்டுபிடித்து, இடவாரியாகப் பிரித்து, ஒரே திரையில் காட்டும் ஏற்பாடு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் பொறுப்பில் இருந்தது. அதை வைத்து இதுவரை அவன் செய்த பெரிய காரியம், வேலை நேரத்தில் படம் பார்ப்பவர்களின் இணைப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே வெட்டியதுதான். ஆட்கள் அவனுக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இடிந்த அன்று திரை பாதிக்கு மேல் சிவந்துபோனது. 'உள்ளே' என்ற குழுவில் ஒரே ஒரு வைஃபை பெட்டி மட்டும் தன் பேட்டரியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்த கேமராக்களை எல்லாம் அவன் இங்கிருந்தே நிறுத்தினான்.

நசுங்கிய ஒயர் வழியே பேச்சும் போகவில்லை, செய்தியும் போகவில்லை. உள்ளே எந்தப் போன் ஆனில் இருக்கிறது என்பது மட்டும்தான் வந்து சேர்ந்தது.

சாயங்காலத்துக்குள் அந்தப் போன்களும் ஒவ்வொன்றாக அணைந்தன.

தலைமைப் பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மலை இன்னும் சரிந்துகொண்டிருந்தது. இனியும் ஆட்களை அனுப்பித் தோண்டினால் அவர்களையும் சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான் என்றார்.

அப்போதுதான் மேஸ்திரியின் போன் திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. பிறகு எலக்ட்ரீஷியனுடையது. அதற்குப் பிறகு கொத்தனாருடையது.

"செத்தவங்க போனை ஆன் பண்ண மாட்டாங்க சார்," என்றான் அவன். "சார்ஜ் தீராம இருக்க எல்லாரும் சேர்ந்துதான் அணைச்சு வெச்சிருக்காங்க. இப்ப முறை வெச்சு மாத்தி மாத்திப் போடறாங்க. உள்ள எல்லாரும் உயிரோட இருக்காங்க."

பொறியாளர் அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

துளையிடும் இயந்திரம் நிற்கவில்லை.

ஒவ்வொரு பெயரும் பச்சையானபோது, குடும்பங்கள் காத்திருந்த வேலிவரை அவன் ஓடிப்போய், அந்த வீட்டுக்காரர்களைத் தேடிச் சொன்னான். வெறும் வயிற்றோடு கிடந்த பெண்கள் எழுந்து முகம் கழுவினார்கள். மேஸ்திரியின் மனைவி, மனுஷன் வெளியே வரட்டும், வந்ததும் இருக்கிறது கச்சேரி என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

இரண்டு பெயர்கள் மட்டும் வரவே இல்லை. ஒன்று பம்ப்காரர். அவர் வீட்டில் நேற்றே அழுது ஓய்ந்துவிட்டார்கள். அவர் மனைவியை யாரோ கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

இன்னொன்று மாமாவின் பெயர். அவனுடைய அக்காவின் புருஷன்.

அக்கா கொட்டகையின் மூலையில் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி வெளியே அனுப்ப யாருக்கும் வாய் வரவில்லை.

வெல்டரின் பச்சை அணைந்து வெகுநேரம் எதுவும் வரவில்லை. மதியம் தாண்டியதும் மாமாவின் பெயர் பச்சையானது.

அக்கா எழுந்து வந்து அந்தப் பெயரை விரலால் தொட்டாள்.

"எப்பவும் இவரு கடைசி ஆளுதான். தாலி கட்டவே லேட்டா வந்த மனுஷன்," என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

வெளியே கூச்சல் கேட்டது. துளை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் ஊர்ந்து போகிற அளவு குழாயை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

அவன் திரையைவிட்டு எழவில்லை. அக்கா அவன் தோளைப் பிடித்தபடி நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமாவின் பெயர் 'உள்ளே' குழுவிலிருந்து மறைந்து, 'வெளியே' குழுவில் வந்து நின்றது. சுரங்கப்பாதை வாசலில் இருந்த வைஃபை பெட்டி அந்தப் போனைப் பிடித்துவிட்டது.

"வெளிய வந்துட்டாருடா!"

அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அவனும் பின்னாலேயே ஓடினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் போய்ச் சேர்ந்தது அவன்தான்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தது மாமா இல்லை. பம்ப்காரர்.

உடம்பெல்லாம் மண். கையில் மாமாவின் போன். பட்டப்பகலில் அதன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதை வாங்கப் பார்த்தார். பம்ப்காரரின் விரல்கள் பிரியவில்லை.

அவன் குனிந்து, "மத்தவங்க எங்கண்ணே? எங்க மாமா எங்க?" என்றான்.

பம்ப்காரர் அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"விழுந்த அன்னிக்கே எல்லாரும் போயிட்டாங்க தம்பி. என் போன் நொறுங்கிப்போச்சு. இருட்டு தாங்கல. ஒவ்வொருத்தர் பாக்கெட்டா தடவி போனை எடுத்து அணைச்சு வெச்சுக்கிட்டேன். ஒண்ணு தீர்ந்தா அடுத்ததுன்னு வெளிச்சத்தைப் போட்டுக்கிட்டு அவங்களோடயே உக்காந்திருந்தேன்."

ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் நிமிரவே இல்லை.

பின்னாலிருந்து அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர் போனை இவர்கிட்ட குடுத்து அனுப்பிட்டாரா? அடுத்து வர்றது மாமாதானேடா?"

அவளுக்குப் பின்னால், வேலியைத் தள்ளிக்கொண்டு மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.