உப்புத்தாள் எழுத்து

“வேலைக்குப் போற டிரெயினை வுட்டுட்டு வந்திருக்கேன் மிஸ். எம்பொண்ணு இன்னா பண்ணா?” என்றாள் சுகந்தி.

ராபர்ட்சன்பேட்டை பள்ளியின் யு.கே.ஜி. வகுப்பில், கண்களைக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களே பாருங்க” என்றார் ஆசிரியை ஸ்வப்னா.

சுகந்தியின் மகள் ரித்திகா தடவியதுமே, “ம!” என்றாள். கிண்ணத்திலிருந்த புளியங்கொட்டைகளையும் தப்பில்லாமல் எண்ணினாள்.

சுகந்திக்குக் கோபம் வந்தது. “வூட்ல சுவத்து சார்ட்டைக் காட்டிக் கேட்டா முழிக்கிறா மிஸ். அடிச்சுக்கூடப் பாத்துட்டேன். வேணும்னே பண்றாளா?”

ஸ்வப்னா ரித்திகாவின் கண்கட்டை அவிழ்த்தார். கரும்பலகையில் அதே ‘ம’வைப் பெரிதாக எழுதினார்.

“இது இன்னா எழுத்து, கண்ணு?”

ரித்திகா இரண்டு பக்கமும் திரும்பித் தேடினாள்.

“எங்க மிஸ் எழுதினீங்க?”

சுகந்தி மகளை வாரித் தூக்கிக்கொண்டாள்.

“கண் டாக்டர் எங்க இருக்காரு மிஸ்?”