சேராத பச்சை

"கலர் சேரக் கூடாது வே" என்றார் அப்பாத்துரை.

முஹ்சினுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மேலப்பாளையத்தில் இருக்கும் அவனுடைய பெயின்ட் ஷெட்டைத் தேடிப் பழைய கார்கள் வருவதே, அச்சு அசலாகக் கலர் சேர்ப்பான் என்பதற்காகத்தான்.

"சேரக் கூடாதா சார்?"

"ஆமா. இந்த இடது மட்கார்டு கீறலுக்கு மட்டும் பெயின்ட் அடியும். பத்தடி தள்ளி நின்னு பாத்தாலும் ஒட்டுப் போட்ட மாதிரி தனியாத் தெரியணும்."

அப்பாத்துரை ஓய்வு பெற்ற வாத்தியார். அவருடைய வெளிர்பச்சை ஹெரால்டு காருக்கு ஐம்பத்தைந்து வயது. இன்று ஆக்டிங் டிரைவர் ஓட்டிவர, பக்கத்து சீட்டில் ஜம்மென்று வந்து இறங்கியிருந்தார்.

முஹ்சின் குனிந்து பார்த்தான். திக்கென்றது. பத்து நாளைக்கு முன்னால் அவனே வேலை பார்த்த அதே இடம்!

அன்றைக்கு வண்டியோடு வந்தவர் வாத்தியாரின் மனைவி சாலோமி டீச்சர். கணவர் வெளியூரில் சபைக் கன்வென்ஷனுக்குப் போயிருந்த சமயம், பக்கத்து வீட்டு ஜெபகனியிடம் ரகசியமாக ஓட்டிப் பழகப் போய், கேட்டில் உரசிவிட்டாராம்.

"அவிய நாலு நாள்ல வந்திருவாவ தம்பி. கலர் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. தடவிப் பாத்தா மட்டும் தெரியக் கூடாது."

என்ன பேச்சு இது என்று அன்றைக்கே குழம்பினான். ஆனாலும் தொழில் கௌரவம் விடவில்லை. பட்டி பார்த்துத் தேய்த்து, பெட்ரோல் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆறாவது கலவையில்தான் அந்தப் பச்சையைப் பிடித்தான். அதைத்தான் இப்போது யாரோ கீறி வைத்திருக்கிறார்கள்.

"யாரு சார் கீறுனது?"

"நாந்தான். கேட்டுச் சாவியால."

முஹ்சினுக்குப் புரிந்துவிட்டது. விஷயம் தெரிந்துபோயிருக்கிறது. மனைவி செய்த தப்பு வண்டியில் அப்படியே நிற்க வேண்டும். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டிச் சிரிக்க வேண்டும். படித்த மனிதருக்கு இவ்வளவு கெட்ட புத்தியா?

"டீச்சரைக் குத்திக்காட்டணும்னா வேற ஆளப் பாருங்க சார். நான் செய்யமாட்டேன்."

அப்பாத்துரை கோபப்படவில்லை. பைய ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்போ வேலை பாத்தது நீருதானா? அங்கன கல்லுப் பட்ட சின்னக் குழி ஒண்ணு உண்டு வே. துடைக்கும்போது கையில தட்டும். ஊர்லேர்ந்து வந்து துடைக்கேன், குழியக் காணோம்! ஜெபகனியப் பிடிச்சு உலுக்கினேன். எல்லாத்தையும் கக்கிட்டான்."

"அதுக்காக?"

"கேட்டுல உரசுன அன்னையிலேர்ந்து அவ சாவியத் தொடலையாம் வே. வண்டியில தூசி விழுந்தாலே குதிக்கவன்லா நான், அந்தப் பயம். அதான் நானே ஒரு கீறலப் போட்டுட்டு, கேட்டத் தள்ளும்போது இடிச்சிட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். கீறலா விட்டா துரு ஏறும். கலர் சேந்துட்டா திரும்பவும் பயப்படுவா. ஒட்டுப் போட்ட வண்டின்னா தைரியமா எடுப்பா."

முஹ்சினுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை.

"நீங்க இருக்கும்போது டீச்சர் எதுக்கு சார் பழகணும்?"

"மொதல்ல கலரக் காட்டும் வே" என்றார் அவர். போன தடவை அடித்துப் பார்த்த இரண்டு தகரத் துண்டுகளை முஹ்சின் எடுத்து நீட்டினான்.

"ஒண்ணு சேர்ந்தது, ஒண்ணு சேராதது. இந்த அளவுக்கு வித்தியாசம் போதுமான்னு பாருங்க."

சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் வித்தியாசம். அப்பாத்துரை இரண்டையும் வெயிலில் பிடித்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீரே பாத்து அடியும் வே. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

முஹ்சின் தகரத் துண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"வண்டிய விட்டுரும்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசமாச்சு. அவகிட்ட முதுகு வலின்னு சொல்லித்தான் இந்த டிரைவரை வச்சிருக்கேன். கண்ணு விஷயம் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவா. அவளுக்குத் தெரியுததுக்கு முன்னால அவ கையில ஸ்டீயரிங்கக் குடுத்திரணும். நீரும் வாயத் திறந்திராதேயும்."

"சொல்லமாட்டேன் சார்" என்றான் முஹ்சின்.

'கலர் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, தடவிப் பாத்தா மட்டும் தெரியக் கூடாது' என்று டீச்சர் சொன்னதை அவரிடமும் சொல்லவில்லை.