விடுமுறை வீடு

வேல்ஸ் கடற்கரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நோயாளி மனைவி மெயரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார் இட்வால். அவர்கள் ஒரு வாரத்துக்கு எடுத்திருந்த வாடகை வீட்டைத் திறந்துவிட்டாள், அதைப் பார்த்துக்கொள்ளும் லௌரி.

“மழை விட்டா படகுல போய் கடல்நாய் பாருங்க ஐயா. பாறை மேல நடந்தா கோட்டை வரும்.”

“இவளால நடக்க முடியாதும்மா. ஜன்னல்லேருந்து டால்பின் தெரிஞ்சா போதும்.”

“கடல் பக்க அறை இதுதான். இருங்க, விளக்கு போடறேன்.”

அதற்குள் இட்வால் இருட்டிலேயே குனிந்து உள்ளே போனார்.

“அட! புதுசா வர்றவங்க எல்லாரும் அந்த உத்தரத்துல தலைய இடிச்சுக்குவாங்களே!”

மெயர் சிரித்தாள். “கல்யாணமான புதுசுல இவரும் தினம் இடிச்சுப்பார். மரமண்டை!”

லௌரி திகைத்தாள். “அப்போ இது...”

“போன வருஷம் விக்கிற வரைக்கும் எங்க வீடு” என்றார் இட்வால். “கவலைப்படாதேம்மா. சனிக்கிழமை காலி பண்ணிடுவோம்.”